கொலஸ்ட்ரால் குறையவில்லை, ரத்தக்குழாய் எப்படித் தேறியது?

போன மாதம் எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெரியவர் வந்தார். கையில் நான்காக மடித்த ரத்தப் பரிசோதனைத் தாள்.

"தம்பி, அந்த 75 ஆஸ்பிரின் ரெண்டு அட்டை குடுப்பா."

"டாக்டர் சீட்டு இருக்குங்களாய்யா?"

"சீட்டு எதுக்கு? கொலஸ்ட்ரால் 240 வந்திருக்கு. ஆஸ்பிரின் போட்டா கொழுப்பு கரைஞ்சிடுமாம், என் மச்சான் போன்ல அனுப்பியிருக்கான். எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க, ரத்தக்குழாய் அடைப்பே குறைஞ்சு போச்சாம்."

கடைக்காரத் தம்பி பொறுமையாக, டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். எனக்கு மனசு ஆறவில்லை. பெரியவர் சொன்னதில் பாதி உண்மை. கொழுப்பு ஏறிய சுண்டெலிகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தபோது சில ஆய்வுகளில் ரத்தக்குழாயின் நிலை தேறியது. ஆனால் கொழுப்பு கரையவே இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பது புரிந்தால், ஆஸ்பிரினைப் பற்றி உலவும் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மருத்துவப் படிப்பு எதுவும் வேண்டாம், மெதுவாகப் போவோம்.

முதலில், அந்தத் தண்ணீர்க்குழாயை மறந்துவிடுங்கள்

கொலஸ்ட்ரால் என்றதும் நம் எல்லோர் மனதிலும் வருவது தண்ணீர்க்குழாய்தான். போர் தண்ணீர் ஓடும் குழாயில் உப்பு படிந்து படிந்து துளை சிறுத்துவிடும் அல்லவா, அதுபோல ரத்தக்குழாயில் கொழுப்பு அப்பிக்கொள்கிறது என்று நினைக்கிறோம். அவசரத்துக்கு டாக்டர்களும் இப்படிச் சொல்வதுண்டு. இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டால், உள்ளே படிந்ததைக் கரைக்க ஒரு மருந்து இருக்கும் என்றுதான் தோன்றும். பெரியவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

எனக்குப் பொருத்தமாகப் படும் உவமை ஓதம் காத்த சுவர். மழைக்காலம் முடிந்ததும் பழைய வீட்டுச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். ஈரம் சுவருக்கு உள்ளே ஏறியிருக்கும். மேல்பூச்சு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கொஞ்ச நாளில் ஓர் இடம் லேசாக உப்பும். விரலால் தட்டினால் பொத்பொத்தென்று சத்தம் வரும். ஒருநாள் அந்த இடம் வெடித்துப் பூச்சு உதிரும்.

தமனி என்பது இதயத்திலிருந்து உடலெங்கும் ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய். கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. அதனால் ரத்தத்தில் தனியாக மிதக்காமல், புரதமும் கொழுப்பும் சேர்ந்த சின்னச் சின்னப் பொட்டலங்களில் பயணம் செய்கிறது. அந்தப் பொட்டலங்களில் ஒரு வகைக்குப் பெயர் எல்டிஎல். ரத்தத்தில் எல்டிஎல் அதிகமானால் அது தமனியின் சுவருக்குள்ளே நுழைந்து தங்குகிறது. தங்கியது அப்படியே இருப்பதில்லை, பழைய எண்ணெய் காறிப்போவதுபோலக் கெட்டுப்போகிறது.

கெட்டுப்போன பொருளை உடல் சும்மா விடாது. விரலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குகிறதே, அதற்குக் காரணம் வெள்ளை அணுக்கள் அங்கே திரண்டு வருவது. இப்படி உடல் ஆட்களை அனுப்பிச் சண்டை போடும் நிலைக்கு அழற்சி என்று பெயர். தமனிச் சுவருக்குள்ளும் இதேதான் நடக்கிறது. வெள்ளை அணுக்கள் வந்து எல்டிஎல்லை விழுங்குகின்றன, விழுங்கி விழுங்கி ஊதிப்போய் அங்கேயே கிடக்கின்றன. சுவர் உப்புகிறது. இந்த உப்பலுக்குப் பெயர் பிளேக்.

பெரும்பாலான மாரடைப்புகள் பிளேக் வளர்ந்து வளர்ந்து குழாயை மூடுவதால் வருவதில்லை. உப்பிய இடத்தின் மேல்பூச்சு ஒருநாள் வெடிக்கிறது, வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகிறது, அந்தக் கட்டி சில நிமிடங்களில் குழாயை அடைத்துவிடுகிறது. முந்தின நாள் வரை நன்றாக நடமாடிய மனிதர் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இதனால்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், கொழுப்பு சுவருக்கு உள்ளே தங்குகிறது, அழற்சி அதை உப்ப வைக்கிறது, ரத்தக்கட்டி ஆளைச் சாய்க்கிறது. மூன்றும் வேறு வேறு வேலைகள். ஆஸ்பிரின் இதில் எதைத் தொடுகிறது என்பதுதான் கேள்வி.

பழக்கிய தோசைக்கல்

தமனியின் உட்புறத்தை ஒரே ஒரு அடுக்கு செல்கள் மூடியிருக்கின்றன. இதை எண்டோதீலியம் என்பார்கள், நாம் உட்படலம் என்று வைத்துக்கொள்வோம். பல வருஷம் எண்ணெய் தேய்த்துப் பழக்கிய தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு ஊற்றினால் ஒட்டாது, தோசை தானாகக் கிளம்பி வரும். அதே கல்லை யாராவது விவரம் தெரியாமல் சோப்புப் போட்டுச் சுரண்டிக் கழுவிவிட்டால் அடுத்த தோசை பிய்ந்துதான் வரும். கல் அதே கல்தான், மேற்பரப்பு போய்விட்டது.

உட்படலம் வெறும் வழவழப்பான தளம் மட்டும் இல்லை. அது உயிருள்ளது, வேலை செய்கிறது. அந்த வேலையில் முக்கியமான ஒன்று தெரியவந்த கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு வரும் சோதனைகள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன.

நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற ஆய்வாளர் முயலின் பெருந்தமனியிலிருந்து வெட்டிய சிறு துண்டுகளை வைத்துப் பல வருஷங்கள் வேலை பார்த்தார். துண்டை உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, மருந்தைச் சொட்டவிட்டு, அது இறுகுகிறதா தளர்கிறதா என்று அளப்பது அவர் முறை. அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சொட்டினால் உயிருள்ள உடலில் ரத்தக்குழாய் விரியும். ஆனால் அவருடைய துண்டுகளோ இறுகின. 1978இல் ஒரு சோதனையில் எதிர்பாராமல் துண்டுகள் தளர்ந்தன. என்ன வித்தியாசம் என்று தேடினார். துண்டை வெட்டித் தயார் செய்யும்போது அதன் உட்புறம் உரசுப்பட்டதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். உட்படலம் உரசிப் போன துண்டு தளரவில்லை, உட்படலம் பிழைத்த துண்டு தளர்ந்தது. இதை 1980இல் வெளியிட்டார். உட்படலம் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து, "தளர்ந்து கொடு" என்று சுவரின் தசைக்குச் சொல்கிறது என்று தெரிந்தது. அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. இந்தக் கண்டுபிடிப்புக்காக 1998இல் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நைட்ரிக் ஆக்சைடு குழாயைத் தளர்த்துவதோடு, போகிற வருகிற அணுக்கள் சுவரில் ஒட்டாமலும் பார்த்துக்கொள்கிறது. ரத்தக்குழாயின் ஆரோக்கியம் என்று ஆய்வுகளில் படித்தால், பெரும்பாலும் இந்த உட்படலம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதைத்தான் சொல்கிறார்கள். கொலஸ்ட்ரால் ஏறிய முயலின் தமனித் துண்டில் அசிட்டைல்கோலினைச் சொட்டினால் அது சரியாகத் தளர்வதில்லை. கண்ணுக்குத் தெரிகிற உப்பல் வருவதற்கு முன்பே இந்தக் குறை தொடங்கிவிடுகிறது. தோசைக்கல் பழக்கம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

ஊரைக் கூட்டும் தட்டணுக்கள்

டெங்கு வந்த வீட்டில் எல்லோருக்கும் பிளேட்லெட் என்ற சொல் தெரிந்திருக்கும். "ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போயிடுச்சு" என்று கவலைப்படுவோமே, அதுதான். தமிழில் தட்டணுக்கள். காயம் பட்ட இடத்தில் ரத்தம் வெளியே போகாமல் அடைக்கும் சின்னஞ்சிறு துணுக்குகள் இவை.

தட்டணு வேலை செய்யும் விதம், தெருவில் தீப்பிடித்தால் நாம் செய்வதுபோலத்தான். முதலில் பார்த்தவர் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றுவார், கூடவே ஊரே கேட்கும்படி கத்துவார். கத்தல் கேட்டு வந்தவரும் கத்துவார். சற்று நேரத்தில் தெருவே திரண்டுவிடும். தட்டணு எழுப்பும் அந்தக் கூப்பாட்டுக்குப் பெயர் த்ராம்பாக்சேன். இது மற்ற தட்டணுக்களை இழுத்து வரும், குழாயையும் இறுக்கும். கை வெட்டுப்பட்டால் இந்தக் கூப்பாடுதான் நம்மைக் காப்பாற்றுகிறது.

எதிர்ப்பக்கம் உட்படலம் இருக்கிறது. அது ப்ரோஸ்டாசைக்ளின் என்ற இன்னொரு பொருளைச் சுரக்கும். "ஒன்றுமில்லை, கலைந்து போங்கப்பா" என்று கூட்டத்தை அனுப்பிவைக்கும் ஊர்ப் பெரியவர் மாதிரி. கூப்பாடும் கலைப்பும் சரிக்குச் சரியாக இருக்கும் வரை ரத்தம் ஓட வேண்டிய இடத்தில் ஓடும், அடைக்க வேண்டிய இடத்தில் அடைக்கும்.

கொலஸ்ட்ரால் அதிகமான உடலில் இந்தச் சமநிலை குலைகிறது. உட்படலம் நலிந்திருக்கிறது, தட்டணுக்கள் தொட்டதற்கெல்லாம் கத்துகின்றன. வெளிக்காயம் எதுவும் இல்லாமலே அவை தமனிச் சுவரில் ஒட்டத் தொடங்குகின்றன. ஒட்டியவை வெள்ளை அணுக்களை அழைக்கும் பொருள்களையும் கொட்டுகின்றன. ஆக, தட்டணு கடைசி நாளில் வந்து கட்டி கட்டும் ஆள் மட்டும் இல்லை, ஆரம்பத்தில் சுவர் உப்புவதிலும் அதற்குக் கை இருக்கிறது. கொழுப்பு ஏற்றிய சுண்டெலிகளில், வெள்ளை அணுக்கள் உள்ளே நுழைவதற்கு முன்பே தட்டணுக்கள் சுவரில் ஒட்டுவதை நுண்ணோக்கி வழியே நேராகப் பார்த்திருக்கிறார்கள்.

ஆஸ்பிரின் எங்கே கை வைக்கிறது?

ஆஸ்பிரினை 1897இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் தயாரித்தார்கள், 1899இல் விற்பனைக்கு வந்தது. வலிக்கும் காய்ச்சலுக்கும் உலகமே விழுங்கியது. அது உடலுக்குள் என்ன செய்கிறது என்று தெரிய இன்னும் எழுபது வருஷம் ஆனது. 1971இல் லண்டனில் ஜான் வேன் அதைக் காட்டினார், 1982இல் அவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

விஷயம் இதுதான். உடலில் ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றித் தரும் புரதத்துக்கு நொதி என்று பெயர். த்ராம்பாக்சேனும் ப்ரோஸ்டாசைக்ளினும் உருவாக முதல் படியில் ஒரே வகை நொதி வேண்டும். அதைச் சுருக்கமாகக் காக்ஸ் என்கிறார்கள். ஆஸ்பிரின் அந்த நொதியின் வாயில் ஓர் ஆப்பை அடித்து நிரந்தரமாக அடைத்துவிடுகிறது.

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். கூப்பாடு போடுபவருக்கும் கலைத்து அனுப்புபவருக்கும் ஒரே நொதிதான் என்றால், ஆஸ்பிரின் இருவரையும்தானே வாயடைக்கும்? அப்புறம் என்ன லாபம்?

எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. உட்கரு என்பது செல்லுக்குள் புதிய புரதங்களைச் செய்வதற்கான குறிப்புகள் இருக்கும் இடம். எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளம்பும்போது தட்டணு தன் நொதியைக் கட்டுச்சோறு மாதிரி கட்டிக்கொண்டு வருகிறது. அந்தச் சோற்றில் மண் விழுந்தால் வேறு வழியில்லை, வழியில் சமைக்க அதனிடம் அடுப்பு கிடையாது. அதன் ஆயுளான ஏழு முதல் பத்து நாள் வரை வாய் அடைத்தது அடைத்ததுதான். உட்படலச் செல்லுக்கோ உட்கரு இருக்கிறது. வீட்டில் அடுப்பு இருப்பவர் மாதிரி அது சில மணி நேரத்தில் புது நொதியைச் செய்துகொள்ளும்.

அதனால்தான் அளவு இவ்வளவு முக்கியமாகிறது. 75 மில்லிகிராம் போன்ற சிறு அளவில் கொடுத்தால், குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் வழியிலேயே மருந்து தட்டணுக்களைப் பிடித்துவிடுகிறது. கல்லீரல் அதில் பெரும்பகுதியை மாற்றிவிடுவதால் மற்ற இடங்களின் உட்படலத்துக்கு அவ்வளவாகப் போய்ச் சேருவதில்லை. கூப்பாடு அடங்குகிறது, கலைத்து அனுப்பும் பெரியவர் பெரும்பாலும் பிழைக்கிறார். அளவைக் கூட்டினால் இரண்டு பக்கமும் அடிபடும். தலைவலிக்குப் போடும் 300, 600 மில்லிகிராமை இதயத்துக்காகத் தினமும் போட்டால் இன்னும் நல்லது என்று நினைப்பது இதனால்தான் தவறு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பிரின் ரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. மோரில் தண்ணீர் ஊற்றுவதுபோல எதுவும் நடப்பதில்லை. ரத்தம் அதே கெட்டியில்தான் இருக்கிறது, தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவது மட்டும் குறைகிறது.

சரி, இப்போது கணக்குப் பாருங்கள். கொழுப்பு, அழற்சி, கட்டி என்ற மூன்றில் ஆஸ்பிரின் கட்டியைத் தொடுகிறது, தட்டணு வழியாக அழற்சியையும் ஓரளவு தொடுகிறது. கொழுப்போடு அதற்குப் பேச்சே இல்லை.

முயலுக்குக் கொழுப்பு ஏற்றிய கதை

ஆஸ்பிரினைச் சோதிக்க வேண்டுமென்றால் முதலில் தமனி கெட்ட ஒரு விலங்கு வேண்டும். இயற்கையில் அது சுலபமாகக் கிடைப்பதில்லை. 1913இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் அனிச்கோவ், செமியோன் சலாடோவ் என்ற இருவர், தூய கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார்கள். முயல்களின் தமனிகளில் மனிதருக்கு வருவதைப் போன்ற கொழுப்புப் படிவுகள் வந்தன. கொலஸ்ட்ராலுக்கும் தமனி நோய்க்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று முதலில் சோதனையில் காட்டியவர்கள் இவர்கள்.

ஆனால் எலிக்கும் நாய்க்கும் அதே தீனியைக் கொடுத்தபோது அப்படி வரவில்லை. அதனால் பலர் இந்த முடிவை நம்பவில்லை. முயல் புல் தின்னும் பிராணி, அதற்குக் கொலஸ்ட்ரால் ஊட்டினால் தாங்குமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சாதாரண முயலின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் 50 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும், இந்தத் தீனியில் அது ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

பிறகு தீனியை மாற்றாமலேயே கொழுப்பு ஏறும் விலங்குகள் கிடைத்தன. 1973இல் ஜப்பானின் கோபேயில் யோஷியோ வதனபே, பிறவியிலேயே கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருந்த ஒரு முயலைக் கண்டார். அதன் வம்சத்தை வளர்த்தெடுத்தார், அந்த முயல்களுக்கு இன்றும் அவர் பெயர்தான். அவற்றின் குறை எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே எடுக்கும் வாயிலில் இருந்தது. குடும்பம் குடும்பமாக இளம் வயதில் மாரடைப்பு வரும் மனிதர்கள் சிலருக்கும் இதே வாயில்தான் பழுது. 1990களில் மரபணுவை நீக்கிச் சுண்டெலிகளை உருவாக்கினார்கள். கொழுப்புப் பொட்டலங்களைக் கல்லீரல் அடையாளம் காண உதவும் அபோ இ என்ற புரதம் இல்லாத சுண்டெலி 1992இலும், அந்த எல்டிஎல் வாயில் இல்லாத சுண்டெலி 1993இலும் வந்தன. இன்று நீங்கள் செய்தியில் படிக்கும் "எலி ஆய்வு" அநேகமாக இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆஸ்பிரின் கொடுத்ததும் என்ன ஆனது?

2002இல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். எல்டிஎல் வாயில் இல்லாத சுண்டெலிகளுக்குக் கொழுப்புத் தீனி போட்டார்கள். ஒரு கூட்டத்துக்குச் சிறு அளவு ஆஸ்பிரின், மற்றொரு கூட்டத்துக்கு வெறும் போலி மருந்து. 18 வாரம் கழித்துப் பார்த்தார்கள்.

இரண்டு கூட்டத்துக்கும் ரத்தக் கொழுப்பில் வித்தியாசம் இல்லை. இதை இன்னொரு தரம் படியுங்கள், பெரியவரின் மச்சான் அனுப்பிய செய்தியில் விட்டுப்போனது இந்த வரிதான். ஆனால் ஆஸ்பிரின் பெற்ற சுண்டெலிகளின் தமனியில் அழற்சியைக் காட்டும் பொருள்கள் குறைவாக இருந்தன, பிளேக் பரவியிருந்த பரப்பும் குறைவாக இருந்தது. வந்திருந்த பிளேக்கிலும் வெள்ளை அணுக்கள் குறைந்து, தசைச் செல்களும் நார்ப்பொருளும் கூடியிருந்தன. ஓதச் சுவர் உவமையில் சொன்னால், உப்பல் சிறியது, மேல்பூச்சு கெட்டி. அப்படிப்பட்ட பிளேக் சீக்கிரம் வெடிக்காது என்று கருதுகிறார்கள்.

உட்படலத்தின் வேலையைப் பற்றியும் இப்படி முடிவுகள் உண்டு. தமனி நோய் உள்ள மனிதர்கள் சிலரிடமே ஃபர்ச்காட் கையாண்ட அசிட்டைல்கோலினைக் கொடுத்துப் பார்த்ததில், ஆஸ்பிரினுக்குப் பிறகு குழாய் முன்பைவிட நன்றாகத் தளர்ந்ததாக 1998இல் வெளியிட்டார்கள். குழாயை இறுக்கும் பொருள்கள் குறைந்ததால் உட்படலத்தின் குரல் மறுபடி கேட்கத் தொடங்குகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

எல்லா ஆய்வும் இப்படியே வந்தனவா? இல்லை. அபோ இ இல்லாத சுண்டெலிகளில், நோய் தொடங்கும் கட்டத்தில் ஆஸ்பிரின் உதவியதாகவும் முற்றிய பிளேக்கில் பயன் இல்லை என்றும் முடிவு வந்திருக்கிறது. எந்த விலங்கு, என்ன தீனி, எவ்வளவு மருந்து, எந்த வயதில் தொடங்கினார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. ஓதம் ஏறும் முன்னே கவனிப்பதும், உப்பி வெடித்த பின்னே பார்ப்பதும் ஒன்றாகாது.

விலங்கு ஆய்வுகள் நமக்குத் தந்த பெரிய பாடம் என்று நான் நினைப்பது, தமனி நோய் கொழுப்பின் கணக்கு மட்டும் இல்லை என்பதை. அதே கொலஸ்ட்ரால் அளவிலும் சுவரின் கதி வேறாக முடியும். அந்த இடைவெளியில்தான் தட்டணுவும் அழற்சியும் நிற்கின்றன.

சுண்டெலி என்பது குட்டி மனிதன் இல்லை

சாதாரணச் சுண்டெலிக்குத் தமனி நோய் வருவதே இல்லை. அதன் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் எச்டிஎல் என்ற வேறு வகைப் பொட்டலத்தில் போகிறது. மரபணுவை நீக்கினால்தான் நோய் வருகிறது. அப்படி வந்த பிளேக்கும் மனிதருடையதைப் போலத் தானாக வெடிப்பது மிக அரிது. சுண்டெலிக்கு மாரடைப்பு வந்து விழுவதில்லை. மனிதரைக் கொல்லும் கடைசிக் கட்டமே அங்கே நடப்பதில்லை என்றால், அந்தக் கட்டத்தைத் தடுக்குமா என்று அதனிடம் எப்படிக் கேட்பது?

அளவும் இடறும். சுண்டெலிக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ மனிதருக்கு நேர்ப்பெருக்கல் போட்டால் 300 மில்லிகிராம். ஆனால் சின்ன உடலில் மருந்து வேகமாகச் செலவாகும். மருந்தியலில் வழக்கமாகச் செய்வதுபோல உடல் பரப்பை வைத்துக் கணக்கிட்டால் அது 25 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் வரும். ஒரே எண்ணிலிருந்து இரண்டு விடை, நடுவே பன்னிரண்டு மடங்கு வித்தியாசம்.

பூனையைப் பாருங்கள். நம் கல்லீரல் ஆஸ்பிரினைக் கழித்து வெளியே அனுப்பப் பயன்படுத்தும் ஒரு வழி பூனைக்கு மிகவும் பலவீனம். நமக்குச் சில மணி நேரத்தில் குறையும் மருந்து அதன் உடலில் நாள்கணக்கில் தங்கி நஞ்சாகிவிடும். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் காய்ச்சலுக்கென்று கால் மாத்திரைகூடக் கொடுத்துவிடாதீர்கள்.

மனிதரிடம் கேட்டபோது

1988இல் வெளியான ஐசிஸ் 2 என்ற ஆய்வில், மாரடைப்பு வந்திருக்கலாம் என்று மருத்துவமனைக்கு வந்த 17,187 பேர் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேருக்கு ஒரு மாதம் தினமும் 160 மில்லிகிராம் அளவில் ஆஸ்பிரின். ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் ஆஸ்பிரின் இல்லாதவர்களில் 11.8 சதவீதம், ஆஸ்பிரின் பெற்றவர்களில் 9.4 சதவீதம். சில காசு விலையுள்ள மாத்திரை நூறு பேரில் இரண்டு பேரைக் கூடுதலாக வீட்டுக்கு அனுப்பியது. மாரடைப்போ, அடைப்பால் வந்த பக்கவாதமோ ஒருமுறை வந்தவர்களுக்கும், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் டாக்டர்கள் ஆஸ்பிரினை விடாமல் எழுதுவதற்குப் பின்னால் இப்படிப்பட்ட உறுதியான சான்று இருக்கிறது. வெடித்த பூச்சு அங்கே ஏற்கெனவே இருக்கிறது, கூட்டம் கூடினால் ஆபத்து, கூப்பாட்டை அடக்கியாக வேண்டும்.

எதுவும் வராத ஆரோக்கியமான மனிதர் முன்ஜாக்கிரதையாகப் போட்டால்? ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும், பெரும்பாலும் 70 வயதைத் தாண்டிய 19,114 பேரிடம் ஆஸ்ப்ரீ என்ற ஆய்வு நடந்தது, முடிவுகள் 2018இல் வந்தன. தினம் 100 மில்லிகிராம், சராசரியாக 4.7 வருஷம். இதய நோய் குறிப்பிடும்படி குறையவில்லை. பெரிய ரத்தக்கசிவு 2.8 சதவீதத்திலிருந்து 3.8 ஆகக் கூடியது. 60 வயதுக்கு மேல் தடுப்புக்காக மட்டும் ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புக் குழு 2022இல் சொன்னது.

ரத்தக்கசிவு ஏன்? காக்ஸ் நொதி வயிற்றின் உள்தோலைப் பாதுகாக்கும் பொருள்களையும் செய்கிறது. அதை அடைத்தால் வயிறு புண்ணாகும், தட்டணுக்களும் வாய் அடைத்துக் கிடப்பதால் அந்தப் புண்ணிலிருந்து வரும் ரத்தம் சீக்கிரம் நிற்காது. குடலில் போய்க் கரையும்படி மேலுறை போட்ட மாத்திரையும் இந்த ஆபத்தை நீக்கிவிடுவதில்லை, ஏனென்றால் மருந்து ரத்தத்தில் கலந்த பிறகும் இதே வேலையைத்தான் செய்கிறது.

மருந்துக்கடைப் பெரியவருக்கு

அவரை மறுபடி பார்த்தால் சொல்ல வேண்டியவற்றை மனதில் வைத்திருக்கிறேன். ஐயா, உங்கள் தாளில் இருக்கிற 240ஐ ஆஸ்பிரின் ஒரு புள்ளிகூட இறக்காது. அதை இறக்கச் சாப்பாடு, நடை, தேவைப்பட்டால் ஸ்டாட்டின் வகை மாத்திரை இருக்கின்றன. 240 என்பது மொத்தக் கணக்கு, அதில் எல்டிஎல் எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்ததா, உங்களுக்கு முன்பு வயிற்றுப்புண் இருந்ததா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் அவர் ஆஸ்பிரின் வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல முடியும்.

காய்ச்சல் வந்து டெங்குவோ என்று சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின் பக்கமே போக வேண்டாம். தட்டணு ஏற்கெனவே குறைகிற நேரத்தில் மிச்சமிருப்பதையும் முடக்கினால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். குழந்தைகளின் காய்ச்சலுக்கும் இது கூடவே கூடாது.

ஏற்கெனவே டாக்டர் எழுதித் தந்து ஆஸ்பிரின் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது, முக்கியமாக ஸ்டென்ட் வைத்தவர்கள். தட்டணுக்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தினமும் புதிதாக வருகிறது. மாத்திரையை நிறுத்திய மறுநாளிலிருந்தே கூப்பாடு போடத் தெரிந்தவை ரத்தத்தில் சேரத் தொடங்கும், ஒரு வாரம் பத்து நாளில் எல்லாமே புதியவைதான். பல் பிடுங்க வேண்டும், ஆபரேஷன் இருக்கிறது என்றால்கூட நிறுத்துவதா, எத்தனை நாள் முன்னால் என்பதை இதய டாக்டரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள்.